மேடையை எடுத்த பிறகும் எலி ஏன் அங்கேயே சுற்றுகிறது?

கேள்வி: சென்னையில் மருந்தியல் ஆய்வு மாணவி நான். விஸ்டார் எலிகளுக்கு 180 செ.மீ. விட்டமுள்ள மாரிஸ் நீர்த்தொட்டியில் (நீருக்கடியில் மறைந்த மேடையை எலி நீந்தித் தேடும் சோதனை) 5 நாள் பயிற்சி கொடுத்தேன். மூழ்கிய மேடையை 10 விநாடிக்குள் கண்டுபிடித்தன. பிறகு மேடையை எடுத்துவிட்டு 3 நாள் நீந்தவிட்டேன். மூன்றாம் நாள், மேடை இருந்த கால்வட்டத்தில் செலவிட்ட நேரம் 25 சதவீதத்துக்கு, அதாவது தற்செயலாக நீந்தினாலே வரும் அளவுக்கு, இறங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து இறக்கினால் மறுபடியும் அங்கேயே சுற்றுகின்றன. நினைவு அழிந்தது என்று எழுதலாமா? மூளையை எப்போது எடுப்பது?

பதில்: எழுத வேண்டாம். ஒரு வாரத்தில் திரும்பி வந்த அந்தத் தேடலுக்குத் தன்னியல்பு மீட்சி என்று பெயர். பாவ்லோவ் தன் நாய்களிடமே இதைக் கண்டார். பலன் கிடைக்காமல் போனதும் கற்ற நடத்தை குறைவதை எக்ஸ்டிங்ஷன் என்பார்கள். அதை ‘அழிவு’ என்று தமிழில் எழுதுவதுதான் பாதிக் குழப்பம், ‘தணிதல்’ பொருந்தும். மெட்ரோ வேலைக்காக பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வைத்தால் பழைய ஸ்டாப் மறந்தா போகிறது? ‘இங்கே பஸ் நிற்காது’ என்று கூடுதலாக ஒன்றைக் கற்கிறோம். கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கால் பழைய இடத்தில்தான் போய் நிற்கும்.

செல்லுக்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான். மூளையில் இட நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸின் சிஏ1 பகுதியில், எலி குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் இட செல்களை ஓ’கீஃபும் தோஸ்த்ரோவ்ஸ்கியும் 1971-இல் காட்டினார்கள். பயிற்சியின்போது, ஒரு செல் விடும் குளுட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருள் வந்து சேரும் நேரத்தில் அதைப் பெறும் செல்லும் தூண்டப்பட்டிருந்தால்தான், என்எம்டிஏ ஏற்பியின் வாயை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகும். கால்சியம் பாயும், கேம்கே-2 நொதி முடுக்கப்படும், இரு செல்கள் சந்திக்கும் சினாப்ஸில் குளுட்டமேட்டை ஏற்கும் ஆம்பா ஏற்பிகள் கூடும். அது நாள்கணக்கில் நிலைக்கப் புதுப் புரதங்கள் வேண்டும். 1986-இல், இந்தத் தொட்டியை வடிவமைத்த மாரிஸின் குழு ஏபி5 மருந்தால் என்எம்டிஏ ஏற்பியை அடைத்தபோது எலிகள் மேடையின் இடத்தைக் கற்கத் தடுமாறின.

தணிவதற்கும் செல் வேலை செய்தாக வேண்டும். சிபி1 கன்னாபினாய்டு ஏற்பி இல்லாத சுண்டெலிகள் மேடையின் இடத்தைக் கற்றுக்கொண்டன, ஆனால் தேடலை விட மறுத்தன என்று 2005-இல் தெரியவந்தது. சினாப்ஸைத் தளர்த்தும் எல்டிடி தடைபட்ட சுண்டெலிகள், மேடையை வேறு இடத்துக்கு மாற்றியதும் திணறின. இது 2008-இல் வந்த முடிவு.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். அந்த 25 சதவீதம் உண்மையான தணிதல்தானா என்பதே முதல் சந்தேகம். ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். வெதுவெதுப்பான நீரில் எலிக்குத் தப்பிக்கும் அவசரம் இல்லை, சும்மா மிதக்கும். மிதக்கும் எலி எந்தக் கால்வட்டத்திலும் தேடாது, கணக்கில் அது தணிதலாகத் தெரியும். நீச்சல் வேகத்தையும் மிதந்த நேரத்தையும் தனியாக எடுத்துப் பாருங்கள். முதல் நாள் வேகமே மூன்றாம் நாளும் இருந்தால்தான் உங்கள் எண்ணை நம்பலாம்.

நீர் 24 டிகிரியில் இருக்கட்டும். 35 செ.மீ. ஆழம் என்றால் உங்கள் தொட்டியில் சுமார் 890 லிட்டர். அதை 30-லிருந்து 24-க்கு இறக்க ஏறத்தாழ 50 கிலோ ஐஸ் வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: 50 கிலோ ஐஸ் உருகினால் நீர்மட்டம் 2 செ.மீ. ஏறும். 2 செ.மீ. ஆழத்தில் வைத்த மேடை 4 செ.மீ. ஆழத்துக்குப் போய்விடும். உருகி முடிந்ததும் 50 லிட்டரை வெளியேற்றி, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத் தொடங்குங்கள். மேடை தெரியாதபடி நீரைக் கலங்கலாக்கப் பால்பவுடர் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு மறுநாளே புளித்த வாடை. வெள்ளை எலிதானே, உள்பக்கம் கறுப்பான தொட்டி இருந்தால் கேமராவுக்கு வேறெதுவும் தேவையில்லை. அல்பினோ எலிக்குப் பார்வை மந்தம். சுவரில் ஒட்டும் அடையாளங்கள் பெரிதாக இருக்கட்டும்.

அடுத்து உங்கள் கை. 60 விநாடி நீச்சல் முடிந்ததும் தினமும் ஒரே ஓரத்திலிருந்து எலியைத் தூக்கினால், ‘மீட்பு அங்கே வரும்’ என்று கற்றுக்கொண்டு அந்த ஓரத்துக்கே நீந்தும். தூக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். நீங்கள் நிற்கும் இடமும் எலிக்கு ஓர் அடையாளம்தான், அதனால் திரைக்குப் பின்னால் நில்லுங்கள்.

கூடுதலாக இரண்டு குழுக்கள் அவசியம். பயிற்சி முடிந்து அந்த 3 நாளும் கூண்டிலேயே இருந்தவை ஒன்று. இது வெறும் மறதியைப் பிரித்துக் காட்டும். ஆரம்பத்திலிருந்தே மேடை இல்லாமல் அதே அளவு நேரம் நீந்தியவை மற்றொன்று. நீச்சலும் அதன் பதற்றமும் மட்டுமே, நரம்புச் செல் தூண்டப்பட்டதைக் காட்டும் சி-ஃபாஸை ஏற்றிவிடும் என்பதால் இரண்டாவது குழுவை விட்டுவிடாதீர்கள். எலி எண்ணிக்கை கூடுகிறது. முதலில் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்த ஒப்புதல் வாங்குங்கள்.

மூளை: சி-ஃபாஸ் புரதம் பார்க்க, கடைசி நீச்சலிலிருந்து 90 நிமிடம். அதன் எம்ஆர்என்ஏ என்றால் 30 நிமிடம். ஓர் எலிக்குப் பெர்ஃபியூஷன் (மூளையைப் பதப்படுத்த ரத்தக்குழாய் வழியே திரவம் செலுத்துவது) 20 நிமிடம் பிடித்தால், நீச்சலையும் 20 நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். எட்டு எலிகளையும் ஒரே நேரத்தில் நீந்தவைத்துவிட்டு வரிசையாக எடுத்தால், கடைசி எலியின் முறை வருவதற்குள் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஓடியிருக்கும். காத்திருக்கும் எலியைத் துவட்டி, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் அதன் கூண்டிலேயே விடுங்கள்.