குடோனுக்கு மாற்றிவிட்டார்கள், சமரசத்தில் பேசலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் 6 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பேறுகால விடுப்பு முடிந்து போனதும் குடோனில் சரக்கு எண்ணப் போட்டுவிட்டார்கள். சம்பளத்திலும் மாதம் 2,500 ரூபாய் குறைத்து 4 மாதமாகிறது. வேலையை விட மனசில்லை. கோர்ட்டுக்கு அலையத் தெம்பும் இல்லை. சமரசத்தில் தீர்க்க முடியுமா?
- வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: முடியும். அதே கடையில் தொடர நினைக்கிற உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய வழியும் அதுதான். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். பேறுகால விடுப்பைக் காரணமாக வைத்து வேலை நிலைமையைப் பாதகமாக மாற்றுவது சட்டவிரோதம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் 2 பாலூட்டும் இடைவேளையும் உங்கள் உரிமை. இவை பேரம் பேசும் பொருள் அல்ல.

முதலில் கடைக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். தரமறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசம் கேட்டு மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100.

நியமனக் கடிதம், விடுப்புக்கு முன்னும் பின்னும் வாங்கிய சம்பளச் சீட்டு, குடோனுக்குப் போகச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி எல்லாம் கையில் இருக்கட்டும். சமரசத்தில் பேசியதை நாளை வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. ‘பிள்ளை பெத்தவங்கன்னுதான் மாத்தினோம்’ என்று மேனேஜர் அங்கே ஒத்துக்கொண்டாலும் அது வெளியே செல்லாது. இரு தரப்பையும் பேசவைக்கும் சமரசர் உங்களிடம் தனியாகப் பேசும்போது, எதை எதிர்த்தரப்புக்குச் சொல்லக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? மேனேஜரை மட்டும் அனுப்புவார்கள். ‘அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பதிலேயே வாய்தாக்கள் கழியும். முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர் வர வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள்.

அடுத்த சிக்கல் ஒப்பந்த வாசகம். ‘பழைய வேலை பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து கணக்குப் பிரிவில், எந்தச் சம்பளத்தில், குறைத்த 10,000 ரூபாய் எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரும், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. இத்தனையும் தாளில் இருக்க வேண்டும். கூடவே ராஜினாமா கடிதத்தையோ வெற்றுத்தாளையோ நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்ததை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அந்த உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடும் கிடையாது. சும்மா தாளில் எழுதிக்கொண்டால், கடை வாக்கு மாறும்போது மறுபடி வழக்குத்தான்.

கடை வரவே மறுத்தால் வற்புறுத்த முடியாது. அப்போது தொழிலாளர் துறைக்குப் போங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அரிசி ஆலையில் மேஸ்திரி பலர் முன்னால் என் சாதியைச் சொல்லித் திட்டினார். நான் பட்டியல் சாதி. ‘நாலு பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சிருவோம்’ என்கிறார் முதலாளி.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். இது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் குற்றம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். ஷிப்ட் மாற்றம், கூலி பாக்கி போன்றவற்றை முதலாளியோடு தனியாகப் பேசலாம். புகாரை வாபஸ் வாங்குவது அதற்கு விலையாகக் கூடாது.