வரியைக் குறைத்தால் அரசின் வருமானம் கூடும் என்று அரசியல்வாதிகள் சொல்வது உண்மையா?

ஏதோ ஒரு மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பொருளியல் படித்தவன் இல்லை. ஏ.எல். என்கிற உயர்தரத்தில் கொமர்ஸ், பிறகு யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஹாட்வெயார் கடை. ஆனால் அப்படியொரு வரிக்குறைப்பில் காசு பார்த்தவன் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச இலங்கை ஜனாதிபதியானார். (நான் அவருக்கு வாக்குப் போடவில்லை. கீழே வந்து கட்சி முத்திரை குத்த வேண்டாம்.) டிசம்பர் 1 ஆம் திகதியே வற் வரி, அதாவது சாமான் விலையோடு சேர்த்து வாங்கும் பெறுமதி சேர் வரி, 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்று 2 வீதம் இருந்தது, அது அடியோடு போனது. ஜனவரியில் வற் பதிவுக்கான எல்லையை வருடத்துக்கு 30 கோடி ரூபாய் விற்பனை என்று உயர்த்தினார்கள். முன்பு பொதுவாக 1 கோடி 20 இலட்சம். என் கடை வருடத்துக்கு 7 கோடி மட்டில் ஓடும். விடிந்து பார்த்தால் நான் வற் கட்டத் தேவையில்லாத ஆள். வங்கியில் வேலை செய்யும் தங்கச்சிக்குச் சம்பளத்தில் வெட்டுகிற வரியும் நின்றது. வீட்டில் பாயாசம் காய்ச்சாததுதான் குறை.

வியாபாரம் பெருகும், பெருகினால் விட்ட வரி தானாகத் திரும்பி வரும் என்றார்கள். தேர்தலுக்கு முன்பே அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, இப்படிச் செய்தால் நாடு வங்குரோத்தாகும் என்று எச்சரித்திருந்தார். தோற்கப் போகிறவரின் புலம்பல் என்று கடையில் இருந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, மிஞ்சிய காசை நான் என்ன செய்தேன்? விலையைக் குறைக்கவில்லை. பழைய ஸ்ரொக், 15 வீதம் கட்டி எடுத்த சாமான் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த ஸ்ரொக் முடிந்த பிறகும் அதையே சொன்னேன். புதிதாக ஒரு பெடியனைக்கூட வேலைக்கு எடுக்கவில்லை. வீட்டு விறாந்தைக்கு டைல்ஸ் பதித்தேன், அதுவும் வெளிநாட்டு டைல்ஸ். மிச்சத்தை நிலையான வைப்பில் போட்டேன். ‘எல்லா வியாபாரியும் உன்னைப் போல இல்லை’ என்று யாராவது எழுதுவீர்கள். இருக்கலாம். எங்கள் வீதியில் எல்லாரும் என்னைப் போலத்தான்.

கணக்கும் பெரிய கணக்கில்லை. 100 ரூபாய் விற்றால் 15 ரூபாய் வந்த இடத்தில் இனி 8 ரூபாய். பழைய 15 வர வேண்டுமென்றால் 187 ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். வற் குறைந்துவிட்டது என்று ஒருவரும் வீட்டுக்கு இரண்டு தடவை பெயின்ற் அடிக்கவில்லை.

படித்தவர்கள் லாஃபர் வளைகோட்டைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். 1974 இல் வாஷிங்டனில் ஒரு சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் தாளில் ஆர்தர் லாஃபர் கீறிக் காட்டினார் என்று சொல்லப்படும் கோடு. வரி 0 வீதமென்றாலும் வருமானமில்லை, 100 வீதமென்றாலும் ஒருவரும் உழைக்கமாட்டார்கள், நடுவில் எங்கேயோ உச்சி. நான் மறுக்கவில்லை. கொள்ளை வரி போடுகிற நாடு குறைத்தால் வருமானம் கூடவும் கூடும். இலங்கை 2019 இல் மொத்த உற்பத்தியில் 12 வீதம்கூட வரியாக எடுக்கவில்லை. அடிவாரத்தில் நின்ற எங்களுக்கு, உச்சியைத் தாண்டிவிட்டீர்கள், இறங்குங்கள் என்று சொன்னார்கள்.

2019 இல் 1 இலட்சத்து 73 ஆயிரம் கோடி ரூபாயளவில் இருந்த வரி வருமானம், 2020 இல் 1 இலட்சத்து 21 ஆயிரம் கோடியளவுக்கு விழுந்தது. கொரோனா என்பீர்கள். கொரோனாவும்தான். ஆனால் 2021 இல் பொருளாதாரம் கொஞ்சம் நிமிர்ந்தபோதும் வரி பழைய இடத்துக்கு வரவில்லை. பள்ளத்தை நிரப்பக் காசு அச்சடித்தார்கள். வெளியில் கடன் தருவோர் கையை விரித்தார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தாயிற்று. ஈஸ்டர் குண்டுவெடிப்பு, இரசாயன உரத் தடை, பழைய கடன் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு; முழுப் பழியையும் வரிக்குறைப்பின் தலையில் போடவில்லை. மங்கள இதையெல்லாம் பார்க்கவில்லை. 2021 ஓகஸ்டில் கொரோனாவில் போய்விட்டார்.

பெற்றோல் வரிசை பற்றி எழுதினால் முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2022 இல் பெற்றோலை அளந்து பங்கிடும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மச்சான், ‘அவசரம், ஒருக்காத் தாடா’ என்று என் சைக்கிளைக் கொண்டுபோய், நாலு லீற்றரையும் கீரிமலை, காரைநகர் என்று சுற்றி முடித்துவிட்டு வெறும் ராங்கோடு கொண்டுவந்து விட்டான். அன்றிரவு சாப்பிடும்போது, ‘நீங்கள் ஒழுங்கா வரி கட்டியிருந்தா நாடு இப்படிப் போகுமா’ என்று எனக்கே வகுப்பு எடுத்தான். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். அவன் இந்தத் தளத்தில் இருக்கிறான், வாசிக்கட்டும்.

2024 ஜனவரியில் எல்லையை 6 கோடிக்கு இறக்கினார்கள். வற் 18 வீதம். முன்பு வற் பதிவை நீக்க ஒரு கணக்காளருக்குக் காசு கட்டினேன், திரும்பப் பதிய இன்னொருவருக்கு. தங்கச்சிக்கு 2023 இலிருந்தே சம்பளத்தில் வெட்டத் தொடங்கிவிட்டார்கள், முன்பைவிடக் கூட.

போன கிழமை ஒருவர் பத்து வாளி பெயின்ற் எடுக்க வந்தார். ‘அண்ணை, பில் வேண்டாம், வற்றைக் கழிச்சுப் போட்டுத் தாங்கோவன்’ என்றார். இல்லை என்றேன். பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.