அடுக்களையில் வளர்ந்த வினைச்சொல்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே 'பக்லெய்' என்ற சொல்லை அடிக்கடி கேட்பதாகச் சொல்கிறான். அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது? ஆப்பிரிகான்ஸ் என்பதே டச்சு மொழியைச் சரியாகப் பேச வராதவர்களின் கொச்சைதானே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: 'பக்லெய்' தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆப்பிரிகான்ஸ் மொழியின் வினைச்சொல். பொருள், சண்டை போடு. கைகலப்புக்கும் வாய்ச்சண்டைக்கும் அது ஒன்றே. தெருவில் இரண்டு நாய்கள் கடித்துக்கொண்டாலும், சொத்துக்காக அண்ணன் தம்பி மோதிக்கொண்டாலும் 'பக்லெய்'தான். படைகள் போரிடுவதைச் சொல்லப் பெரும்பாலும் 'ஃபெக்' என்ற வேறு வினை வரும். அது டச்சு வழி வந்தது, கொஞ்சம் விறைப்பானது. நான், நீ, அவள், அவர்கள் என யார் சண்டை போட்டாலும் 'பக்லெய்' உருமாறாது. நம் வினைமுற்றுபோல் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி அதற்கு இல்லை. அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைத் தாய் அதட்டும்போது 'மூனி பக்லெய் நி' என்பாள். 'சண்டை போடாதே' என்று பொருள். வினைக்கு முன்னால் ஓர் எதிர்மறை, பின்னால் ஓர் எதிர்மறை. இரண்டும் சேர்ந்து உடன்பாடாகிவிடாது. அந்த மொழியின் முறையே அதுதான்.

பிறப்பு மலாயில். அங்கே 'கெலாஹி' என்றால் சச்சரவு. 'பெர்' என்ற முன்னொட்டு சேர்ந்தால் 'பெர்க்கெலாஹி', சண்டையிடுதல். அது தேய்ந்துதான் 'பக்லெய்' ஆனது. டச்சிலும் 'பக்கெலெயென்' என்று ஒரு வினை உண்டு. அதுவும் மலாயிலிருந்து வாங்கியதே. டச்சைச் சிதைத்துப் பிறந்ததாக நீங்கள் நினைக்கும் மொழியின் இந்தச் சொல்லை டச்சுக்காரர்களே கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

இது கேப் டவுனுக்கு எப்படிப் போனது? 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே தளம் அமைத்தது. அதன்பின் இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக், வங்காளம், மலபார், இலங்கை, நம் சோழமண்டலக் கரை எனப் பல இடங்களிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு ஊர்ப்பெயரே குடும்பப்பெயர்: 'வான் பெங்காலன்', 'வான் மலபார்'. ஒருவர் தாய்மொழி மற்றவருக்குப் புரியாத அந்தக் கூட்டத்துக்கு மலாயும் உடைந்த போர்த்துக்கீசியமும் பொதுமொழிகளாயின. எஜமானரின் டச்சு அவற்றோடு கலந்தது. அந்த மண்ணின் கொய்கொய் மக்களின் பேச்சும் சேர்ந்தது. 'மிக்க நன்றி' என்பதற்கு இன்று அங்கே எல்லோரும் சொல்லும் 'பாயா டாங்கி'யில் உள்ள 'பாயா', மலாயின் 'பாஞாக்'. வெள்ளைக்கார விவசாயியும் அடிமையின் சொல்லைக்கொண்டுதான் நன்றி சொல்கிறார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 'கொச்சை' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். 19ஆம் நூற்றாண்டிலேயே இதை 'அடுக்களை மொழி' என்று இகழ்ந்தவர்கள் உண்டு. அடுக்களையில் நின்றவர்கள் யார் என்று அவர்கள் யோசிக்கவில்லை, நீங்களாவது யோசியுங்கள். தமிழில் வந்து கலந்த பிறமொழிச் சொற்களை எடுத்துக்காட்டி யாராவது தமிழைக் கொச்சை என்றால் எனக்கு வரும் கோபம் உங்களுக்கும் வரும். இந்த மொழி 1925இல் ஆட்சிமொழியானது உண்மை. நிறவெறி அரசு அதைக் கறுப்பினப் பள்ளிகளில் திணித்ததும், 1976 ஜூன் 16 அன்று ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் எதிர்த்து நின்ற மாணவர்களைச் சுட்டதும் உண்மை. அந்தக் குற்றம் அரசின்மேல் விழவேண்டியது.

வெள்ளையர்கள் இதைத் தங்கள் மொழி என்று உரிமை கொண்டாடத் தொடங்கிய அதே காலத்தில், கேப் டவுன் முஸ்லிம்கள் இதை அரபு எழுத்தில் எழுதித் தங்கள் பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி தந்துகொண்டிருந்தார்கள். அப்படி அங்கே வந்து கற்பித்த உதுமானிய மார்க்க அறிஞர் அபூபக்கர் எஃபெந்தி எழுதிய சமய நூல் ஒன்று 1877இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது. அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் அதைப் படித்தார்கள்.