பட்டன் பேட்டரியைக் காணோம், குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறான்

கேள்வி: ஒன்றே முக்கால் வயது மகன் சாவிக்கொத்து விளக்கைப் பிரித்துப் போட்டுவிட்டான். உள்ளே இருந்த பட்டன் பேட்டரி எங்கே தேடியும் இல்லை. நன்றாகத்தான் விளையாடுகிறான். "விழுங்கியிருந்தாலும் வெளியே வந்துவிடும், அதுவும் தீர்ந்துபோன பேட்டரி" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், உடனே கிளம்புங்கள். இதை உங்களுக்குக் கேள்வி வந்த அன்றே எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது மற்ற பெற்றோருக்காக.

காசை விழுங்கியிருந்தால் உங்கள் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரிதான். பேட்டரி வேறு ரகம். உள்ளிருக்கும் ரசாயனம் கசிவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கசியவே தேவையில்லை. ஈரமான உணவுக்குழாய்ச் சுவர் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டதும் மின்சாரம் பாய்கிறது. நெகட்டிவ் பக்கத்தில் கடுமையான காரப்பொருள் (அல்கலி) உருவாகி, கழிவுக்குழாய் அடைப்பு நீக்கும் திரவம்போலத் திசுவை அரிக்கிறது. இறைச்சித் துண்டின் மேல் ஒரு பேட்டரியை வைத்துப் பாருங்கள்: சற்று நேரத்தில் ஓரத்தில் நுரை கட்டும், அப்புறம் அந்த இடம் கறுத்துப்போகும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே பலத்த புண் ஏற்படலாம். விளக்கை எரியவைக்க முடியாத பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும்.

சிறுவர்களுக்கு மிக மோசமானது 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரி. அதன் மேல் 2032 என்று இருந்தால், 20 அகலம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதே மாதிரி இன்னொரு பேட்டரி இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.

அறிகுறி வரட்டும் என்று பார்க்கக் கூடாது. எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் எல்லாம் வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். காசுபோல வட்டமாகத் தெரிந்தாலும், ஓரத்தில் இரட்டை வளையம் இருந்தால் அது பேட்டரி. உணவுக்குழாயில் இருந்தால் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே விடும் கேமராக் குழாய்) மூலம் அவசரமாக எடுப்பார்கள். வயிற்றுக்குப் போயிருந்தால் எடுப்பதா, கவனிப்பதா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.

போகும் வழியில் தேன் கொடுக்கலாம். கைவைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். 2018-ல் வெளியான விலங்கு ஆய்வில், தேன் பேட்டரியைப் பூசிக்கொண்டு, காரத்தையும் ஓரளவு தணித்து, புண்ணின் ஆழத்தைக் குறைத்தது. ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், விழுங்கவும் முடிகிறது என்றால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி, அதிகபட்சம் 6 முறை. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம். தேன் தேடி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். வேறு உணவு, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள்.

பேட்டரியை எடுத்த பிறகும் சில வாரம் கண் வேண்டும். அரிப்பு ஆழமாகிப் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுவிடலாம். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால், முதல் நாளைப் போலவே ஓடுங்கள்.

மூக்கிலோ காதிலோ போட்டிருந்தாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து மட்டும் விடாதீர்கள், ஈரம் பட்டால் அரிப்பு கூடும்.