யாக்கோபின் உடையும் வீட்டு வாடகையும்

அன்புள்ள ஐயா,

ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். கிங் ஜேம்ஸ் பைபிளில் யாக்கோபு தன் உடையை 'ரென்ட்' செய்தார் என்று வருகிறது. வாடகைக்கு விட்டாரா என்று வகுப்பில் ஒரே சிரிப்பு. இந்த 'ரெண்ட்' என்ற வினைச்சொல்லை இன்று எங்கே எழுதலாம்? 'ஆணியில் மாட்டி என் சட்டை ரென்ட் ஆனது' என்று எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டார்.

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

வாடகை ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது. 'ரெண்ட்' (rend) என்றால் கிழிப்பது, அதன் இறந்தகாலம் 'ரென்ட்' (rent), வாடகைக்கும் அதே எழுத்து. தமிழெழுத்தில் ரெண்ட், ரென்ட் இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு, அதனால் உங்களைப் போலவே நிகழ்காலத்துக்கு ரெண்ட், இறந்தகாலத்துக்கு ரென்ட் என்று வைத்துக்கொள்கிறேன். கிழிக்கிற ரெண்ட் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். வாடகை ரென்ட் பிரெஞ்சு வழியாக வந்தது, 'ரெண்டர்' என்ற சொல்லுக்குச் சொந்தம். எழுத்து ஒன்றாகிப்போனது தற்செயல்.

1611-ல் வந்த அந்தப் பைபிளில் இந்த வினை வரும் இடங்களைப் பாருங்கள். மகனின் இரத்தம் தோய்ந்த அங்கியைக் கண்டதும் யாக்கோபு உடையைக் கிழிக்கிறார், இயேசு உயிர்விடும்போது தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகிறது, யோவேல் தீர்க்கதரிசி வஸ்திரங்களை விட்டு இருதயங்களைக் கிழிக்கச் சொல்கிறார். யாக்கோபு செய்ததை ஆத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது துக்க வழக்கம். யூதர்களிடம் கெரியா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. நின்றுகொண்டுதான் கிழிக்கவேண்டும், பெற்றோர் இறந்தால் இதயம் இருக்கும் இடப்பக்கம், மற்ற நெருங்கிய உறவுக்கு வலப்பக்கம். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில், செத்துக் கிடக்கும் சீசரின் மேலங்கியைக் கூட்டத்துக்குக் காட்டி, கொலைகாரர்களில் ஒருவனான காஸ்கா போட்ட ரென்ட்டைப் பாருங்கள் என்கிறான் ஆண்டனி. அங்கே அது பெயர்ச்சொல், கத்தி போட்ட கிழிசல்.

இன்றைய ஆங்கிலத்தில் ரெண்ட் என்ற வினை துணியை ஏறக்குறைய விட்டுவிட்டது. உள்நாட்டுப் போர் ஒரு நாட்டை ரெண்ட் செய்யும், அலறல் காற்றை ரெண்ட் செய்யும், நாளிதழ்களில் 'ஹார்ட்-ரெண்டிங்' தினமும் வரும். நாம் நெஞ்சைப் பிளக்கும் ஓலம், விண்ணைப் பிளக்கும் கோஷம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். 'ஹார்ட்-ரெண்டிங்' என்பதைச் சிலர் 'ஹார்ட்-ரெண்டரிங்' என்று எழுதுகிறார்கள். ரெண்டர் என்றால் கொழுப்பை உருக்கி எடுப்பதும் சேர்த்திதான், ஆக அது இதயத்தைச் சட்டியில் போட்டு உருக்குவதாகிவிடும்!

அப்புறம் உங்கள் சட்டை. இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் யாக்கோபுக்கும் சீசருக்கும் போட்ட சொல்லை ஒரு ஆணிக்குப் போட்டால் கேலி மாதிரி தொனிக்கும். கேலியாகத்தான் எழுதினீர்கள் என்றால் ஆசிரியையிடம் போய் வாதாடுங்கள், நான் உங்கள் பக்கம். இல்லையென்றால் 'டோர்ன்' என்று மாற்றிவிடுங்கள், போதும்.