இரவில் வரைந்த படக்கதை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மொபைல் விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனத்தில் ஓவியராக வேலை செய்கிறேன். சில வருடங்களாக இரவிலும் விடுமுறையிலும் வீட்டில் ஒரு படக்கதை வரைந்து முடித்திருக்கிறேன். அதை வெளியிட ஒரு பதிப்பகம் முன்வந்துள்ளது. இந்த நேரத்தில் அலுவலகத்தில் புதிய ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். 'பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாப் படைப்புகளும் நிறுவனத்துக்கே உரியவை' என்று அதில் ஒரு வரி. கேட்டால், 'வெறும் சம்பிரதாயம், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்' என்கிறார் மேலாளர். படக்கதை பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: அந்த வரி அப்படியே இருக்கும்வரை போடாதீர்கள். வெறும் சம்பிரதாயம் என்றால் அதை மாற்றித் தருவதில் அவர்களுக்கு என்ன சிரமம்?

சம்பளம் கொடுப்பவர் ஊழியரின் கற்பனை முழுவதையும் விலைக்கு வாங்கிவிடுவதில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஊழியர் தம் வேலையின் பகுதியாக உருவாக்கியவற்றுக்குத்தான் முதலாளியை முதல் உரிமையாளர் ஆக்குகிறது. அதுவும் வேறு உடன்பாடு எதுவும் இல்லாதபோது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போடுகின்றன. ஆகவே, எந்த நேரத்தில் வரைந்தீர்கள் என்பதைவிட, அதை வரைவதற்காகத்தான் உங்களை வேலைக்கு வைத்தார்களா என்பதே பெரிய கேள்வி.

பிரிட்டனில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். பொதுச் சுகாதார அமைப்பு ஒன்றில் வேலை பார்த்த மருத்துவர், தோலில் துளையிடும்போது கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார முறைகள் பற்றி மாலைகளிலும் வார இறுதிகளிலும் வீட்டில் ஒரு கையேடு எழுதினார். அவருடைய துறையோடு நெருங்கிய விஷயம்தான். ஆனாலும் அது அவருக்கே சொந்தம் என்றது நீதிமன்றம். இன்னொருவர் மென்பொருள் எழுதுபவர். வீட்டில், சொந்தக் கணினியில் எழுதினேன் என்று வாதாடினார். அதை எழுதுவதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்பதால் 2021இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உங்கள் படக்கதை விளையாட்டுக்காகக் கேட்டு வாங்கப்பட்டதல்ல. அதனால் நீங்கள் அந்த மருத்துவரின் பக்கம்தான் நிற்கிறீர்கள். ஆனால் அலுவலகத்திலும் வரைவதே உங்கள் தொழில் என்பதால், கதையின் பாத்திரமோ காட்சியோ எந்த விளையாட்டிலும் தலைகாட்டவில்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும்.

சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பை ஒரு கையெழுத்து கரைத்துவிடக்கூடும் என்பதுதான் என் கவலை. 'பணிக்காலம்' என்பது அலுவலக நேரமா, வேலையில் இருக்கும் வருடங்கள் முழுவதுமா? 'பிராட்ஸ்' பொம்மை வழக்கு இதே சிக்கலில் மாட்டியது. மாட்டெல் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஒருவர் அந்தப் பொம்மைக்கான யோசனையைப் போட்டி நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். வேலையில் இருக்கும் 'எந்தச் சமயத்திலும்' உருவாக்கியவை என்ற ஒப்பந்த வாசகம் இரவுகளையும் வார இறுதிகளையும் உள்ளடக்குமா என்பது தெளிவாக இல்லை என்று 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2004இல் தொடங்கிய வழக்கு அதன் பிறகும் ஓயவில்லை. பெரிய நிறுவனங்கள் அதைத் தாங்கும். உங்களால் முடியுமா?

மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரில் பேசினாலும் எழுத்தில் இருக்கட்டும். 'வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்புகள்' என்று அந்த வரியை மாற்றக் கேளுங்கள். ஒப்பந்தத்தோடு, நிறுவனத்துக்குச் சேராதவற்றைச் சொல்லும் ஒரு விலக்குப் பட்டியலை இணைத்து, படக்கதையின் தலைப்பு, இரண்டு வரி விவரம், தொடங்கிய மாதம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். பக்கங்களைக் கொடுக்க வேண்டியதில்லை. இது வரம்பு மீறிய கோரிக்கை அல்ல. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகள் இல்லாமல், அதன் தொழிலோடு தொடர்பில்லாமல் செய்த கண்டுபிடிப்பை எழுதிக்கொடுக்கும்படி ஊழியரைக் கட்டாயப்படுத்த அனுமதிப்பதில்லை. அந்த மூன்று நிபந்தனைகளையும் உங்கள் கடிதத்துக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

மறைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. 'இந்தப் படைப்பு முழுவதும் என்னுடையது' என்ற உறுதிமொழியைப் பதிப்பகங்கள் பொதுவாகக் கேட்கும். பிறகு உங்கள் நிறுவனம் உரிமை கோரினால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழலாம். பழைய நியமனக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு முன்அனுமதி தேவை என்று இருந்தால் அனுமதி கேளுங்கள். அது நன்னடத்தை சார்ந்த விதி. அதை மீறியதால் மட்டும் படக்கதை அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது.

தேதியோடு கூடிய முதல் கோட்டோவியங்கள், பதிப்பகத்துக்கு எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏதாவது ஒரு பக்கம் அலுவலகக் கணினியில் இருந்தால் பதற்றத்தில் அழித்துவிடாதீர்கள். குற்றத்தை மறைத்ததுபோல் ஆகிவிடும். வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வரியை மாற்ற மறுத்தால், நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் பதிப்பகத்தின் ஒப்பந்தத்தையும் ஒன்றாக வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விலக்குப் பட்டியலில் நிறுவனத்தின் கையெழுத்து கிடைக்கும்வரை பதிப்பகத்திடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.