'ஹல்ஃப் ட்ரீ' என்றால் மூன்றரை அல்ல

கேள்வி: நெதர்லாந்தின் ஐந்தோவனுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. மகனின் ஆசிரியை 'ஹல்ஃப் ட்ரீ'க்குப் பேச வரச் சொன்னார். 'ட்ரீ' மூன்று, 'ஹல்ஃப்' பாதி என்று தெரியும்; மூன்றரைக்குப் போனேன். அவர் ஒரு மணி நேரம் முன்பே எனக்காகக் காத்திருந்தாராம். பள்ளியில் பேசும் அளவுக்கு டச்சு கற்க எங்கே தொடங்குவது?

பதில்: கடிகாரத்திலேயே தொடங்குங்கள். புதிதாக வரும் தமிழர்கள் பலரும் தடுக்குவது இந்த இடத்தில்தான்.

தமிழில் முடிந்த மணியைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம். இரண்டேகால், இரண்டரை, இரண்டேமுக்கால் எல்லாமே இரண்டின் மேல் ஏறுகின்றன. டச்சுக்காரர்களோ அரை மணி சொல்லும்போது வரப்போகும் மணியைப் பார்க்கிறார்கள். 'ஹல்ஃப் ட்ரீ' என்றால் மூன்றாவது மணி நேரத்தில் பாதி ஆகிவிட்டது, அதாவது 2.30. பள்ளி 'ஹல்ஃப் நேஹன்' தொடங்குகிறது என்றால் எட்டரை, ஒன்பதரை அல்ல.

கால் மணி எளிது. 'க்வார்ட் ஓவர் ட்வே' 2.15, 'க்வார்ட் ஃபோர் ட்ரீ' 2.45. 'ஓவர்' கடந்தது, 'ஃபோர்' முன்பு. இவற்றுக்கு இடைப்பட்ட நேரம்தான் சிக்கல், ஏனென்றால் அங்கே அரை மணியே நடுக்கம்பம். 2.20ஐ 'தீன் ஃபோர் ஹல்ஃப் ட்ரீ' என்பார்கள்: இரண்டரைக்குப் பத்து நிமிடம் முன். 2.35 'ஃபெய்ஃப் ஓவர் ஹல்ஃப் ட்ரீ'. முதலில் 'ஹல்ஃப்' எந்த மணி என்று மனதில் குறித்துவிட்டு, பிறகு ஐந்தோ பத்தோ கூட்டிக் கழியுங்கள். ஒரு வாரம் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னால் பழகிவிடும்.

சந்தேகம் வந்தால் தயங்காமல் 24 மணிக் கணக்கில் திருப்பிக் கேளுங்கள்: 'ஃபேர்தீன் ஊர் டெர்தஹ்?' (14.30?). அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அடுத்து பள்ளி. நான்கு வயதில் சேரும் தொடக்கப் பள்ளிக்கு 'பாஸிஸ்ஸ்ஹோல்' என்று பெயர். அதில் 'க்ரூப்' 1 முதல் 8 வரை. முதல் இரண்டும் மழலையர் வகுப்புகள். முறையாக எழுதப் படிக்கத் தொடங்குவது 3இல். ஆகவே இரண்டைக் கழித்தால் நம் ஊர் வகுப்பு ஏறக்குறைய வந்துவிடும். ஆசிரியை 'யுஃப்', ஆசிரியர் 'மேஸ்டர்'. பிள்ளை எந்த வகுப்பு என்பதை 'மெய்ன் ஸோன் ஸிட் இன் க்ரூப் ஃபீர்' என்று சொல்லவேண்டும். 'ஃபீர்' நான்கு; 'ஸிட்' என்றால் உட்கார்ந்திருக்கிறான். வகுப்பில் படிப்பதை அப்படித்தான் சொல்வார்கள். மகளானால் 'மெய்ன் டொஹ்டர்'. பள்ளி எப்போது விடும் என்று கேட்க, 'ஹூ லாட் இஸ் டெ ஸ்ஹோல் ஔட்?' புதன்கிழமையைப் பற்றி இதை மறக்காமல் கேளுங்கள். பல பள்ளிகள் அன்று மதியத்தோடு விட்டுவிடும்.

'நேஹன்', 'ஸ்ஹோல்' போன்ற சொற்களில் தொண்டையிலிருந்து வரும் அந்த 'ஹ்' ஒலிக்கு அஞ்ச வேண்டாம். நீங்கள் இருக்கும் பிராபண்ட் பகுதியில் அது மென்மையானது. 'மகன்', 'பகல்' என்னும்போது நடுவில் வரும் ககரத்துக்கு மிக அருகில் இருக்கும். அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு வாக்கியத்தை மட்டும் இன்றே மனப்பாடம் செய்யுங்கள்: 'இக் வில் மெய்ன் ஸோன் ஸீக் மெல்டன்.' மகனுக்கு உடம்பு சரியில்லாத காலையில், வகுப்பு தொடங்குமுன் பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டியது அது.